குளிர்பதன இயந்திர நிறுவனத்தின் வரலாற்றை எப்படிப் படிப்பது? கேரியர் நிறுவனத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

ஓர் ஆலையில் சில்லர் (நீரைக் குளிர்வித்துத் தரும் பெரிய குளிர்பதன இயந்திரம்) ஒன்றை நிறுவினால் அது 20 முதல் 25 ஆண்டுகள் வரை ஓட வேண்டும். அத்தனை காலமும் உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் அதைச் செய்த நிறுவனத்தையே நாம் நம்பியிருக்கிறோம். ஆகவே விலைப்புள்ளியோடு வரும் கையேட்டில் உள்ள ‘எங்கள் வரலாறு’ என்ற பக்கத்தைத் தள்ளிவிட்டுக் குதிரைத்திறனையும் விலையையும் மட்டும் பார்ப்பது சரியான கொள்முதல் முறை ஆகாது. அந்தப் பக்கத்தில் எதைத் தேட வேண்டும், எதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதை, நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவுகள் தெளிவாகக் கிடைக்கும் அமெரிக்க நிறுவனமான கேரியரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் தொடங்கிய ஆண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நிறுவனம் முதன்முதலில் யாருடைய சிக்கலைத் தீர்த்தது என்று பாருங்கள். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தில், கோடைக்காலப் புழுக்கத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிந்தது. ஒரு வண்ணத்தை அச்சிட்ட பின் அடுத்த வண்ணம் அதன் இடத்தில் பொருந்தாமல் விலகியது. பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் முந்தைய ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த வில்லிஸ் கேரியர், ஒப்பு ஈரப்பதத்தை (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு அதில் உள்ளது என்ற அளவை) 55 சதவீதத்தில் நிறுத்துவதற்கான அமைப்பை வரைந்தார். அதன் குளிர்விக்கும் திறன் ஒரு நாளைக்கு 1,08,000 பவுண்டு பனிக்கட்டியை உருக்குவதற்கு ஈடானது என்று குறிக்கப்பட்டுள்ளது. ஒரு டன் குளிர்பதனம் என்பது நாளொன்றுக்கு 2,000 பவுண்டு பனிக்கட்டி உருகுவதற்குச் சமம் என்பதால், இது 54 டன் ஆகிறது. இன்றைய அளவில் ஒரு நடுத்தர அலுவலகக் கட்டடத்துக்குப் போதுமான இந்த இயந்திரம் மனிதர்களின் வசதிக்காக வந்ததன்று, காகிதத்துக்காக வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிற்கூடத்தின் தேவையிலிருந்து பிறந்த நிறுவனம் வெப்பநிலையைப் போலவே ஈரப்பதத்தையும் கணக்கில் வைக்கும். நூற்பாலைக்கும் மருந்து ஆலைக்கும் இயந்திரம் வாங்குவோருக்கு அந்த வேறுபாடு மிக முக்கியமானது.

அடுத்து, நிறுவனம் பொருளைக் கோர்த்து விற்கிறதா, அதன் அடிப்படையை அறிந்து வடிவமைக்கிறதா என்று ஆராயுங்கள். கேரியரின் கதையில் இதற்கான விடை 1902-க்கும் 1911-க்கும் இடையில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் மூடுபனிக்கு நடுவே நின்றிருந்தபோது, காற்றைக் குறிப்பிட்ட வெப்பநிலையில் ஈரத்தால் நிறைவுறச் செய்துவிட்டால் அதில் எவ்வளவு ஈரம் உள்ளது என்பதைத் துல்லியமாக அறியலாம் என்று அவருக்குத் தோன்றியது. காற்றின் பனிநிலையை (அதன் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) விடக் குளிர்ந்த நீரைத் தூவினால், நீரே காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும். இந்த எண்ணத்தில் அமைந்த கருவிக்கு 1906 ஜனவரி 2 அன்று காப்புரிமை கிடைத்தது. அதே காலத்தில் நூற்பாலைகளுக்கான வேலையில், பனிநிலைக்கும் அறை வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியை மாறாமல் வைத்தால் ஒப்பு ஈரப்பதமும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும் என்பதையும் அவர் கண்டார். 1911-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரையும் அதோடு வந்த வரைபடமும் இந்தத் துறைக்கே அடித்தளமாயின. கோயம்புத்தூர் வட்டார நூற்பாலைகளின் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டில் (காற்றின் ஈரத்தைச் சீராக வைக்கும் அமைப்பில்) தூவு முனைகளோடு நிற்கும் ஏர் வாஷர், அந்தக் கருவியின் வழியில் வந்ததுதான்.

இதை நம் கொள்முதலில் எப்படிப் பயன்படுத்துவது? விற்பனைப் பொறியாளரிடம் உங்கள் ஆலையின் கோடை நிலையையும் மழைக்கால நிலையையும் காற்றின் வெப்பநிலையையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் சைக்ரோமெட்ரிக் வரைபடத்தில் குறித்து, வெப்பச்சுமைக் கணக்கோடு தரச் சொல்லுங்கள். சதுர அடிக்கு இத்தனை டன் என்ற வாய்ப்பாட்டோடு நிறுத்துபவரிடமிருந்து, எத்தனை பழைய பெயராக இருந்தாலும், இயந்திரத்தை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவதாக, எந்தப் பாகம் சொந்தப் பட்டறையில் செய்யப்படுகிறது, எது வெளியிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். முதல் உலகப்போர் தொடங்கிய பின் பஃபலோ ஃபோர்ஜ் உற்பத்தியோடு மட்டும் நின்றுகொள்ள முடிவெடுத்தது. அதனால் வில்லிஸ் கேரியர் உட்பட 7 பொறியாளர்கள் 32,600 டாலர் முதலோடு 1915-இல் கேரியர் எஞ்சினியரிங் கார்ப்பரேஷனைத் தொடங்கினார்கள். அப்போது அவர்களிடம் தொழிற்சாலை கிடையாது. பிறரிடம் இயந்திரம் வாங்கி, தங்கள் வடிவமைப்பில் நிறுவித் தந்தார்கள். நியூவார்க் நகரில் சொந்த ஆலை வந்தது 1920-களில்தான். வெளியிலிருந்து வாங்குவதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. அவர்களுடைய புகழ்பெற்ற மையவிலக்கு இயந்திரத்தின் முதல் கம்ப்ரஸரே (வாயுவை அழுத்தும் பாகமே) ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து வந்தது. ஆனால் கம்ப்ரஸரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் யாருடையவை என்பதை விற்பவர் மறைத்தால், பழுது வரும் நாளில் அலைவது நாம்தான்.

இந்த வரலாற்றில் மிகுந்த கவனத்துக்குரியது 1922. அதற்கு முன் பெரிய குளிர்பதன நிலையம் என்றால், ஓர் அறையை அடைத்துக்கொண்டு பிஸ்டனால் ஓடும் அம்மோனியா கம்ப்ரஸர்தான். கசிவு ஏற்பட்டால் உயிருக்கு ஆபத்து என்பதால் மக்கள் கூடும் இடத்தில் அதை வைக்கத் தயங்கினார்கள். கேரியர் காட்சிக்கு வைத்த மையவிலக்கு சில்லர் விரைந்து சுழலும் இறகுச் சக்கரத்தால் வாயுவை அழுத்தியது, இடத்தைக் குறைத்தது, டைலீன் என்ற தாழ் அழுத்தக் குளிர்பதனப் பொருளில் இயங்கியது. கசிந்தால் வாயு வெளியேறாமல், வெளிக்காற்று உள்ளே போகும் அளவுக்கு அதன் அழுத்தம் குறைவு. அந்த முதல் இயந்திரம் சைரக்யூஸ் நகரின் ஓனண்டாகா மட்பாண்ட ஆலையில் கால் நூற்றாண்டுக்கு ஓடி, பிறகு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எனவே நீங்களும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். குறைந்தது 10 ஆண்டு ஓடிய இடத்தின் முகவரியை வாங்கி நேரில் சென்று, ஓட்டுநரின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மணிக்கணக்கு மீட்டர் எவ்வளவு காட்டுகிறது? கண்டன்சரில் வாயு குளிர்ந்து நீர்மமாகும் வெப்பநிலைக்கும் வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு, புதிதில் இருந்ததை விட எவ்வளவு கூடியிருக்கிறது? ட்யூப் சுத்தம் செய்த நாளுக்குப் பின் அது இறங்கியிருந்தால் உப்புப் படிவுதான் காரணம், அதற்கு உங்கள் நீரைச் சீர் செய்ய வேண்டும். இறங்காமலே இருந்தால் வேறு கோளாறு உண்டு. கையேட்டில் தரப்படும் மின்செலவு எண்ணையும் அங்கேயே ஒப்பிடலாம். அமெரிக்கத் தர நிர்ணயப்படி அது பெரும்பாலும் கண்டன்சருக்குள் 29.4 டிகிரி செல்சியஸில் நுழையும் நீரை வைத்துக் கணக்கிடப்படுவது; சென்னையின் புழுக்கத்தில் கூலிங் டவரிலிருந்து வரும் நீர் பல மாதங்கள் 31, 32 டிகிரியில் இருக்கும் என்பதால், அந்த நிலைக்கான எண்ணைத் தனியே எழுதி வாங்க வேண்டும்.

வாடிக்கையாளர் பட்டியலையும் துறைவாரியாகப் பிரித்துப் படியுங்கள். கேரியரின் பட்டியல் அச்சகம், நூற்பாலை, மிட்டாய் ஆலை என்று நீண்டு, 1924-இல் டெட்ராய்டின் ஹட்சன் பல்பொருள் அங்காடிக்கும், 1925-இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்குக்கும் போனது. ஒவ்வொரு அடியிலும் முந்தைய துறையில் நிலைநாட்டிய இயந்திரம்தான் அடுத்த துறையின் கதவைத் திறந்தது. இதற்கு மாறாக, வீட்டு ஏசி விற்று வளர்ந்துவிட்டு ஆலைச் சில்லரில் புதிதாக இறங்கியுள்ள நிறுவனத்தின் மொத்த விற்றுமுதல் எண் நமக்கு எதையும் சொல்லாது.

பங்குரிமை மாற்றங்களைச் சுருக்கமாகக் குறித்துக்கொண்டால் போதும். பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் 1930-இல் இரண்டு நிறுவனங்களோடு இணைந்து கேரியர் கார்ப்பரேஷன் ஆனது. 1937-இல் சிதறிக்கிடந்த ஆலைகள் சைரக்யூஸுக்கு வந்தன. 1979-இல் யுனைடெட் டெக்னாலஜீஸ் அதை வாங்கியது. 2020-இல் மீண்டும் தனி நிறுவனமானது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பழைய மாதிரிகளுக்கு உதிரிபாகம் யார் தருகிறார்கள் என்பதே வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி.

இறுதியாக, நிறுவனம் குளிர்பதன வாயுவை எத்தனை முறை மாற்றியிருக்கிறது, எவ்வளவு முன்கூட்டி மாற்றியது என்று பாருங்கள். மையவிலக்கு இயந்திரங்கள் டைலீனில் தொடங்கி, பின்னர் ஆர்-11-க்கு வந்தன. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கை அதை முடிவுக்குக் கொண்டுவந்தபோது, கேரியர் தன் பெரிய சில்லர்களை ஆர்-134ஏ-க்கு மாற்றியது. இப்போது அந்த வாயுவும் அதே உடன்படிக்கைக்கு 2016-இல் வந்த கிகாலி திருத்தத்தின் கீழ் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டியது. இந்தியாவின் அட்டவணையில் 2032-இல் 10 சதவீதம், 2047-க்குள் 85 சதவீதம் குறைப்பு உள்ளது. இன்று வாங்கும் சில்லரின் ஆயுள் இந்தக் காலத்தின் பெரும்பகுதிக்குள் அடங்கும். ஆகவே அதில் உள்ள வாயு எது, 2032-க்குப் பின் அதற்கு மாற்று எது, அந்த மாற்றத்தால் திறன் எவ்வளவு குறையும், எந்தப் பாகங்களை மாற்ற வேண்டும் என்ற நான்குக்கும் கொள்முதல் ஆணையில் கையொப்பமிடும் முன்பே நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் பெற்று, ஆணையோடு இணைத்து வையுங்கள்.