தறி நின்ற நாளில் ஒரு ஹோலோகிராம், அதற்கு இரண்டு சாவிகள்

சோமனூரில் எங்கள் வீட்டுக்கு இருபுறமும் விசைத்தறிகள். நாள் முழுவதும் தரை அதிரும். ஹோலோகிராம் எடுப்பவனுக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. லேசர் ஒளியை இரண்டு கதிராகப் பிரித்து, ஒன்றைப் பொருளின்மேல் பட்டு வரவும் மற்றதை நேராக வரவும் விட்டால், இரண்டும் கேமராவில் சேர்ந்து நுண்ணிய வரிகளாகும்; பொருளின் ஆழத்தையும் பதிந்து வைக்கும் அந்த வரிப்படம்தான் ஹோலோகிராம். கேமரா திறந்திருக்கும் நேரத்தில் ஒளிப்பாதை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு அசைந்தாலே வரிகள் கலையத் தொடங்கும்; 650 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு அது வெறும் 65 நானோமீட்டர். மணல் நிரப்பிய பெட்டியை ஸ்கூட்டர் டியூபின்மேல் வைத்துப் பார்த்தேன், தறியிடம் அது எடுபடவில்லை. கடைசியில் கைகொடுத்தது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைதான். செய்தித்தாளில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தால் அன்றுதான் எனக்கு முகூர்த்தம். லேசர் பேட்டரியில் ஓடும், கேமரா மடிக்கணினியில் ஓடும். மின்தடைக்கு நாள் பார்க்கும் ஒரே ஆள் நான்தான் என்று பக்கத்துத் தறிக்காரர் சிரிப்பார்.

நான் எடுத்தது அப்பாவின் தறி நாடாவின், அதாவது பாவுக்குள் ஊடை நூலை ஓட்டும் கட்டையின், இரும்பு முனை. நாடா முழுவதையும் எடுக்க ஆசைதான், ஆனால் கணக்கு இடம் தராது. என் கேமராவின் பிக்சல் 3.45 மைக்ரோமீட்டர். இரண்டு கதிர்களுக்கும் இடையே ஏறத்தாழ 5 பாகைக்கு மேல் கோணம் போனால் வரிகளின் இடைவெளி இரண்டு பிக்சலைவிடக் குறைந்துவிடும், கேமராவால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே சிறிய பொருளாக எடுங்கள், அதையும் கேமராவிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். கேமராவின் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். ஒளியை இரண்டாக்கும் பிரிப்பானில் இருந்து பொருள் வழியாக வரும் பாதையும் நேராக வரும் பாதையும் ஒரே நீளமா என்று நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். மலிவான லேசர் என்றால் இதைத் தவிர்க்க முடியாது. லேசரை எக்காரணம் கொண்டும் கண்ணால் நேரே பார்க்காதீர்கள்.

எடுத்த படத்தைப் பைத்தான் நிரலில் ஃபூரியர் மாற்றம் செய்தால், அதாவது வரிகளின் நெருக்கம் வாரியாகப் பிரித்தால், நடுவில் ஒரு பொட்டும், இருபுறமும் இரண்டு திட்டுகளும் தெரியும். ஒரு திட்டை மட்டும் வெட்டி நடுவுக்கு நகர்த்தித் திரும்ப மாற்றுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் வீச்சு (ஒளி அலையின் உயரம்), கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது) என்ற இரண்டும் கிடைத்துவிடும். ஆழத்தைச் சொல்வது கட்டம். லென்ஸ் இல்லாததால், உருவம் தெளிய இந்த அலையைக் கணினியிலேயே 70 சென்டிமீட்டர் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். வீச்சை மட்டும் சேமிப்பது ஊடை ஓட்டாமல் பாவை மடித்து வைப்பதைப் போன்றது.

இனி, சாவி இல்லாதவர் பார்க்க முடியாதபடி இதைப் பூட்டுவோம். 1995இல் பிலிப் ரெஃப்ரெஜியரும் பஹ்ராம் ஜாவிடியும் வெளியிட்ட இரட்டைத் தற்போக்குக் கட்ட முறைதான் இது. கண்ணாடித் தட்டுகளும் லென்ஸ்களும் இருந்தால் ஒளியிலேயே செய்யலாம், நான் கணினியில் செய்கிறேன். ஒவ்வொரு புள்ளியின் கட்டத்தையும் தன்போக்கில் திருப்பிவிடும் முகமூடிகள் (எண் அட்டவணைகள்) இரண்டு தயாரியுங்கள், இவைதான் சாவிகள். படத்தை முதல் முகமூடியால் பெருக்கி, ஃபூரியர் மாற்றம் செய்து, இரண்டாவதால் பெருக்கி, எதிர்மாற்றம் செய்யுங்கள். மிஞ்சுவது ஒளிபரப்பு முடிந்த தொலைக்காட்சித் திரையின் இரைச்சல் மாதிரி இருக்கும். திறக்க இதையே பின்னிருந்து செய்யுங்கள், முகமூடிகளின் இணையியங்களை, அதாவது கட்டத்தை அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்புபவற்றை, பயன்படுத்தி. சாதாரணப் புகைப்படத்தைத் திறக்க இரண்டாவது முகமூடி மட்டும் போதும். ஹோலோகிராமுக்குக் கட்டமும் வேண்டும் என்பதால் இரண்டும் வேண்டும்.

முகமூடிக்கான எண்களை இயங்குதளத்தின் பாதுகாப்பான தற்போக்கு மூலத்திலிருந்து எடுங்கள். பிறந்தநாளை விதையாக (எண்களை உருவாக்கும் தொடக்க எண்ணாக) வைப்பது, வாசல் மிதியடிக்குக் கீழே சாவியை வைப்பது போல. ஒருமுறை பயன்படுத்திய முகமூடியை இன்னொரு படத்துக்குப் போடாதீர்கள். இந்த முறை நேரியல் தன்மை உடையது, அதாவது வெறும் பெருக்கலும் கூட்டலும்தான். மூலப்படமும் பூட்டிய படமும் சேர்ந்து ஒருவரிடம் சிக்கினால் அதிலிருந்தே சாவியை வடித்துவிடலாம். அதனால் இதை மட்டும் நம்பி நான் தூங்குவதில்லை. கோப்பை 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்கியில் போட்டு நீளமான கடவுச்சொல்லுடன் ஏஇஎஸ்-256 என்ற குறியாக்கப் பூட்டும் போடுகிறேன்.

சேமிக்கும் வடிவத்தில்தான் நான் பட்டேன். முதல் முறை பூட்டிய படத்தை ஜேபெக்காகச் சேமித்துக் கைப்பேசிச் செய்தியில் எனக்கே அனுப்பிக்கொண்டேன். திறந்தபோது நாடாமுனைக்குப் பதிலாகச் சாம்பல். பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத இடத்தில் ஜேபெக் கை வைக்கும், இங்கே உயிர் இருப்பதே அந்த இடத்தில்தான். பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையின் எண்ணணிக் கோப்பாகவே வையுங்கள், அது எண்களை மாற்றாமல் அப்படியே வைக்கும். 1024-க்கு 1024 புள்ளிகள், புள்ளிக்கு 16 பைட்: 16 மெகாபைட்தான், கஞ்சத்தனம் வேண்டாம். கோப்பிலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 என்ற கைரேகை எண்ணையும் கூடவே எழுதி வையுங்கள், கோப்பு சிதைந்ததா என்று பார்க்க உதவும்.

பூட்டிய படம் என் பீரோவில் ஒரு வன்தட்டில் இருக்கிறது, இன்னொரு பிரதி மகனிடம். முகமூடிகள் கோபிசெட்டிபாளையத்தில் தங்கை வீட்டில் ஒரு பென் டிரைவில். பென் டிரைவ் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் நினைவை இழக்கக்கூடும். ஆகவே ஆண்டுதோறும் தீபாவளிக்கு வரும்போது அவள் அதைக் கொண்டுவருகிறாள். பலகாரத் தட்டு வருவதற்குள் படத்தைத் திறந்து பார்த்து, புதிய டிரைவில் பிரதி எடுத்து அவள் பையிலேயே திரும்பப் போட்டுவிடுகிறேன். போன தீபாவளிக்குத் திறந்தபோது முனையில் அப்பா அரம் போட்ட கீறல்வரை தெரிந்தது.