வீட்டிலேயே இட்லி மாவு வியாபாரம்: எங்கே தொடங்குவது?

எடுத்த எடுப்பில் பெரிய கிரைண்டர் வாங்க ஓடாதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே அரைத்து, உங்கள் தெருவிலும் பக்கத்து அபார்ட்மென்டிலும் ஒரு மாதம் விற்றுப் பாருங்கள். வாங்கியவர்களே திரும்ப வந்து கேட்கிறார்களா என்பதுதான் முக்கியம்.

நிறைய பேர் சறுக்குவது விலை போடுவதில். அரிசி, உளுந்து மட்டும் கணக்கில் வரும். கரண்ட், தண்ணீர், கவர், கடைக்காரர் கமிஷன், விற்காமல் புளித்துத் திரும்பி வரும் பாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் உங்கள் சொந்தக் கூலி, இதெல்லாம் விட்டுப்போகும். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் எவ்வளவு மாவு வருகிறது என்று நிறுத்துப் பார்த்து எழுதி வையுங்கள். உளுந்து விலை ஏறுகிறதே என்று அளவில் மட்டும் கை வைக்காதீர்கள், இட்லி கல்லாகிவிடும், அப்புறம் அந்த வீட்டில் யாரும் உங்களிடம் வாங்க மாட்டார்கள்.

வீட்டில் செய்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம். அந்த 14 இலக்க எண், எடை, தயாரித்த தேதி எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம்தான், அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் பொங்கிக் கவர் உப்பிவிடும். அதனால் அரைத்ததும் பாக்கெட் போட்டு உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத கடைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

தினமும் ஆர்டரைச் சமாளிக்க முடியாமல் திணறும்போது டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவை எடுக்கும் பெரிய கிரைண்டர்) வாங்குங்கள். புதுக் கடைகளுக்குக் கடன் கொடுக்காதீர்கள், முந்தின நாள் பாக்கியை வாங்கிக்கொண்டே அன்றைய பாக்கெட்டைக் கொடுங்கள்.