பழைய டிராக்டரில் கியர் விழவில்லையா? பெட்டியைப் பிரிக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

போன குறுவைக்குச் சேறடித்துக்கொண்டிருந்தபோது என் டிராக்டர் வயலுக்கு நடுவில் நின்றுவிட்டது. இன்ஜின் நன்றாக ஓடுகிறது, கியர் ராடு மட்டும் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவே எங்கேயோ மாட்டிக்கொண்டு எந்தப் பக்கமும் அசையவில்லை. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்ட வண்டி, முழங்கால் சேறு, மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற நேரம், நாற்று வேறு முற்றிக்கொண்டிருக்கிறது. வந்து பார்த்த எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "கியர் பெட்டி போச்சுங்க, வண்டியை ரெண்டாப் பிரிக்கணும்."

பிரிக்கவில்லை. கடைசியில் மாற்றியது ஒரு பின், இரண்டு ஸ்பிரிங், மூடிக்கு அடியில் வைக்கும் ஒரு பேக்கிங். அதுபோக லேத்திலும் வெல்டிங் பட்டறையிலும் அரை நாள் வேலை. வண்டியைப் பிரிப்பது என்பது ஆள் கூலி, கிரேன் வாடகை, வாரக்கணக்கில் காத்திருப்பு என்று போய்விடும். அதனால்தான் நான் செய்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

என்னுடையது 35 ஹெச்பி வண்டி. 20 வயதுக்கு மேல் ஆகிறது. முன்னே 3, பின்னே 1, அதோடு ஹை-லோ (வேகம், மெதுவு என்று இரண்டு நிலை) சேர்ந்து 6 முன் கியர், 2 ரிவர்ஸ். உங்களுடையது 8 முன், 2 பின் என்றாலும் அடிப்படை இதேதான். இந்தப் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் சிங்க்ரோமெஷ் கிடையாது. காரில் ஒரு சின்ன வளையம் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கிவிட்டு அப்புறம் கியரைச் சேர்க்கும். இங்கே அது இல்லை என்பதால் ஓட்டத்தில் கியர் மாற்றினால் பல்லோடு பல் உரசி 'கர்ர்' என்று கத்தத்தான் செய்யும், அது பழுது இல்லை. வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுசாக மிதித்து, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து மாற்றுங்கள். அப்படியும் கத்தினால் தொடர்ந்து படியுங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கத்தினால் கோளாறு கிளட்ச் பக்கம். அணைத்திருக்கும்போதும் விழவில்லை என்றால் கியர் ராடு, அது பெட்டிக்குள் தள்ளும் செலக்டர் பக்கம். பாதி வேலை இந்த ஒரு சோதனையிலேயே முடிந்துவிடும். என் வண்டியைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட இதைச் செய்யவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஓடாதபோது சில சமயம் பல்லுக்கு நேரே பல் நின்றுவிடும். ராடு முக்கால் தூரம் போய்க் கல்லில் முட்டியது போல நிற்கும். உடனே இழுத்து அடிக்க வேண்டாம். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹை-லோ ராடை லோவில் வைத்து, பிரேக்கை விட்டுவிட்டு, பின் டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டையைப் பிடித்து ஒரு சாண் தூரம் நகர்த்தி, மறுபடி போடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தும் விழாவிட்டால்தான் அது கோளாறு. வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹை-லோ ராடையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது நடுவில் நின்றிருந்தால் எந்தக் கியர் போட்டாலும் வண்டி நகராது.

கிளட்ச் பக்கம் என்றால்

இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, கிளட்சை முழுசாக மிதித்து, மனதுக்குள் 10 எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பது அதற்குள் நின்றிருக்க வேண்டும். அப்போதும் கத்தினால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம்.

முதலில் பெடலில் எவ்வளவு பிளே இருக்கிறது என்று பாருங்கள். காலால் வேண்டாம், கையால் அழுத்துங்கள். சும்மா இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் கனமாகும். அதுவரை இறங்கிய தூரம்தான் பிளே. பல பழைய வண்டிகளுக்கு அது ஓர் அங்குலத்தை ஒட்டி இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும். பிளே அதிகமானால் பெடலின் தூரமெல்லாம் வீணாகி கிளட்ச் பிளேட் விடுபடாது, கியர் கத்தும். பிளேயே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும், ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றித் தேயும். லாக் நட்டைத் தளர்த்தி, பெடலில் இருந்து கீழே போகும் ராடைத் திருகினால் அளவு மாறும். வேலை முடிந்ததும் லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

கியர் ராடு மாட்டியது போக, என் வண்டியில் கியர் கத்தவும் செய்தது, நான் இங்கேதான் ஒரு வாரம் வீணாக்கினேன். அட்ஜஸ்ட் செய்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி கத்தும். நான்காவது தடவைதான் பெடலில் இருந்து கீழே போகும் ராடின் பின்னைக் கழற்றினேன். நேராக உருண்டையாக இருக்க வேண்டிய பின், நடுவில் இடுப்புச் சிறுத்து உடுக்கை மாதிரி ஆகியிருந்தது. அது நுழையும் ஓட்டையோ முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. பெடலை மிதிக்கிற தூரத்தில் கணிசமான பகுதியை அந்த ஒரு பின்னே தின்றுகொண்டிருக்கிறது! லேத்தில் ஓட்டையைச் சரியாகக் கடைந்து, புஷ் அடித்து, புதுப் பின் போட்டேன். கத்தல் அன்றோடு நின்றது. ஆகவே அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் எல்லாப் பின்னையும் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். மாட்டியபடி ஆட்டிப் பார்த்தால் இது தெரியாது. அப்புறம் காட்டர் பின்னுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி சுற்றாதீர்கள், சேற்றில் அது அறுந்து விழும்.

மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டி என்றால் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். மாதக்கணக்கில் நிறுத்தும்போது பெடலை மிதித்த நிலையில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து வைத்தால் இது வராது. பின், பிளே எல்லாம் சரியாக இருந்தும் கத்துகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கோ, பிரஷர் பிளேட் விரல்களோ, ஃப்ளைவீலில் உள்ள பைலட் பேரிங்கோ காரணமாக இருக்கும். அதற்கு வண்டியைப் பிரித்தே ஆக வேண்டும், நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

டாப் கவரைத் திறப்பது

அணைத்த நிலையிலும் ராடு அசையவில்லை, அல்லது கியர் தானாக வெளியே வந்துவிடுகிறது என்றால் கியர் ராடோடு சேர்ந்த பெட்டியின் மேல் கவரைத் திறக்க வேண்டும். பேட்டரி எர்த்தைக் கழற்றி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கியரில் நிற்கும் வண்டியை யாரும் தெரியாமல் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. தரையில் நின்றபடி செல்ஃப் மோட்டாரில் திருப்புளியை வைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் உங்களுக்கோ உங்கள் டிரைவருக்கோ இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வண்டி ஏறி உயிர் போவது அப்படித்தான்.

சாமான்: ரிங் ஸ்பேனர் செட். திருகு ஸ்பேனர் வேண்டவே வேண்டாம், பழைய போல்ட்டின் முனையை உருட்டிவிடும். ஒரு டயர் லீவர், நல்ல டார்ச், நீளக் காம்புள்ள பேனா காந்தம், கெட்டி கிரீஸ், டீசல், பனியன் வேஸ்ட். பேனா காந்தத்துக்கு ஆகும் காசைப் பார்க்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் கவரைச் சுற்றியுள்ள மண்ணை டீசல் தொட்டுச் சுத்தமாகத் துடையுங்கள். அந்த மண் உள்ளே விழுந்தால் பேரிங்குக்கு ஆபத்து. போல்ட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல் ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். பல வண்டிகளில் செலக்டர் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் பாலும் (சின்ன இரும்புக் குண்டு) ஸ்பிரிங்கும் இந்தக் கவருக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருக்கும். கவரைச் சாய்த்துத் தூக்கினால் ஸ்பிரிங் எகிறும், பால் உருண்டு பெட்டிக்குள் போய்விடும். எனக்கு அதுதான் நடந்தது. கோலிக்குண்டைவிடச் சிறிய அந்த ஒரு பாலுக்காக, கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்கும் கியரும் சேர்ந்து குடிக்கும் 30 லிட்டருக்கு மேலான எண்ணெயை முழுக்க இறக்கி, மாலை வரை தடவிக் கடைசியில் காந்தத்தில் எடுத்தேன். அது கிடைக்காமல் வண்டியை ஓட்டியிருந்தால் கியர் பல்லில் சிக்கிப் பெட்டியே உடைந்திருக்கும். கவரை நேராக மேலே தூக்குங்கள், பக்கத்தில் ஒருவர் டார்ச் பிடிக்கட்டும், ஸ்பிரிங் எத்தனை பால் எத்தனை என்று எண்ணி ஒரு தட்டில் வையுங்கள்.

உள்ளே செலக்டர்களில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். கியர் ராடின் அடிமுனை அவற்றில்தான் நுழைந்து தள்ளுகிறது. நியூட்ரலில் எல்லாப் பள்ளமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். என் வண்டியில் ஒன்று மட்டும் முன்னே தள்ளி நின்றது. முதல் கியரிலிருந்து முழுசாக வெளிவருவதற்குள் ராடின் முனை நழுவி அடுத்த பள்ளத்துக்குப் போய்விட்டது. ஒரு கியர் பாதியில் நிற்கும்போது இன்னொன்றை நகரவிடாமல் தடுக்கத்தான் இன்டர்லாக் இருக்கிறது, அது தன் வேலையைச் செய்ததால் ராடு இறுகிவிட்டது. டயர் லீவரால் அந்தச் செலக்டரை மெல்ல நெம்பியதும் 'டக்' என்று நியூட்ரலுக்கு வந்தது. இதற்குச் சுத்தியல் தேவையே இல்லை.

நழுவியதற்குக் காரணம் ராடின் அடிமுனைத் தேய்மானம். பக்கவாட்டில் பட்டையாகத் தேய்ந்து, பள்ளத்தில் விட்டால் கடகடவென்று ஆடியது. பட்டறையில் வெல்டிங் வைத்துப் பருமனாக்கி, அரத்தால் ராவி, பள்ளத்தில் லேசான ஆட்டம் மட்டும் இருக்கும்படி செய்துகொண்டேன். இறுக்கமாகச் செய்துவிட்டால் சூடானதும் சிக்கும்.

கியர் தானாக வெளியே வருகிற வண்டி என்றால் ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். ஒரே மாதிரி இருக்க வேண்டியவற்றில் ஒன்று குட்டையாக இருந்தால் அது தளர்ந்துவிட்டது. மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அடியில் வாஷர் போட்டு ஸ்பிரிங்கை இறுக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை, ராடு கனத்துப்போகும், ஷாஃப்டில் உள்ள குழியும் சீக்கிரம் தேயும். அந்தக் குழியையும் விரலால் தடவிப் பாருங்கள், விளிம்பு மழுங்கியிருந்தால் ஷாஃப்டை மாற்ற வேண்டும். அப்புறம் கியரை நகர்த்தும் ஃபோர்க்கை (கவை) ஷாஃப்டோடு பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் கியர் வெளியே வந்தால் பல்லே தேய்ந்திருக்கலாம், அது பெரிய வேலை.

மூடும்போது

திறப்பதைவிட மூடுவதுதான் கஷ்டம். பால், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கெட்டி கிரீஸ் வைத்து அதனதன் குழியில் ஒட்டுங்கள். செலக்டர் பள்ளங்களின் விளிம்பிலும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பேக்கிங் இல்லாமல் கவரை ஒரு தடவை நேராக இறக்கி, உடனே எடுத்துப் பாருங்கள். ராடின் முனை பள்ளத்துக்குள் போயிருந்தால் முனையின் இரு பக்கமும் கிரீஸ் ஒட்டியிருக்கும். அடியில் மட்டும் ஒட்டியிருந்தால் அது செலக்டரின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. முதல் தடவை எனக்கு இது தெரியவில்லை. கவர் ஒரு பக்கம் நெல் தடிமனுக்குத் தூக்கி நின்றது, போல்ட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், பேக்கிங் கிழிந்தது. நல்லவேளை, வார்ப்புக் கவரின் காது உடையவில்லை. ஸ்பிரிங் மேலே தள்ளுவது கைக்கு அடங்கும், அதையும் மீறிக் கவர் உட்கார மறுத்தால் போல்ட்டால் இழுக்காமல் திரும்பத் தூக்குங்கள்.

எதிரெதிரே இரண்டு போல்ட் மட்டும் போட்டு, எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பேக்கிங் வைத்து முழுசாக மூடுங்கள். பேக்கிங் பேப்பரின் மேல் மெல்லிசாகப் பேஸ்ட் தடவினால் போதும். பிதுங்குகிற அளவுக்கு வைத்தால் அது உள்ளே விழுந்து ஹைட்ராலிக் வடிகட்டியை அடைக்கும்.

எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ராடின் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்து மழைத்தண்ணீர் இறங்குவது ஒரு வழி, சேற்றில் ஓட்டி ஆக்சில் சீல் போவது இன்னொரு வழி. புது உறை கிடைக்கும்வரை டியூப் துண்டைச் சுற்றி இறுகக் கட்டுங்கள். எண்ணெய் விஷயத்தில் மேனுவல் சொல்லும் தரத்தைத்தான் ஊற்ற வேண்டும். சத்தம் குறையும் என்று கெட்டியான 140 கிரேடை ஊற்றச் சொல்வார்கள், ஹைட்ராலிக்கோடு பொதுவான பெட்டியில் அதை ஊற்றினால் லிஃப்ட் தூக்கத் திணறும்.

பின்னால் சேர்த்தவை

இதைப் படித்துவிட்டு ஒருவர், எல்லாம் சரிபார்த்தும் பி.டி.ஓ. (ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் ஷாஃப்ட்) ராடு மட்டும் கத்துகிறது என்று எழுதினார். அவருடையது டபுள் கிளட்ச். அதில் பெடலின் முதல் பாதி கியரை விடுவிக்கும், அடிவரை மிதித்தால்தான் பி.டி.ஓ. விடுபடும். பெடலுக்கு அடியில் கிடந்த சாக்கு முழுசாக இறங்கவிடாமல் தடுத்திருக்கிறது, எடுத்ததும் சரியாகிவிட்டது.

இன்னொருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து வண்டி பூட்டிக்கொண்டது. கவரைத் திறந்தால் முன்பு யாரோ வேலை பார்த்தபோது இன்டர்லாக் பின்னைத் திரும்பப் போடாமலே மூடியிருக்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் அந்தப் பின் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு செலக்டரைக் கியருக்குத் தள்ளிவிட்டு மற்றதை லீவரால் நெம்பினால் அது நகரவே கூடாது. நகர்ந்தால் மூடாதீர்கள், பின் வாங்கிப் போட்டுவிட்டு மூடுங்கள்.