திரையில் நிழல் போடும்போது செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் செய்து காட்டும் ஆப்களில், பஸ் நேரமோ அல்வா ஆர்டரோ எதுவானாலும், ஒரு அடையாளம் தவறாமல் இருக்கும். கார்டை, அதாவது தகவல் வரும் பெட்டியை, சுற்றி நாலு பக்கமும் கரி பூசினாற்போல ஒரு மங்கல். "அண்ணே, ஷேடோ குடுத்தாச்சு" என்பார்கள். கமா விட்டுப்போவது, பெயரைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை கோட் எழுதும் எடிட்டரே காட்டிவிடும். அது காட்டாதவை மட்டும் இங்கே.

ப்ளரை மட்டும் ஏற்றுவது

எரிச்சலூட்டுவதும் செலவு வைப்பதும் இதுதான். கார்டுக்கு ப்ளர் (நிழல் ஓரத்தின் மங்கல்) 4, மெனுவுக்கு 12, எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும் டயலாக் பெட்டிக்கு 40. ஆஃப்செட்டும் (நிழல் தள்ளி விழும் தூரம்) அடர்த்தியும் மூன்றுக்கும் ஒன்றே. டயலாக் எழும்பி நிற்காது, சுற்றிலும் அழுக்காகத் தெரியும். "ப்ளர் பத்தலையோ?" என்று 60 ஆக்குவார்கள். இன்னும் அழுக்காகும்.

திசையன்விளைப் பக்கம் காலை ஒன்பது மணி வெயிலில் ஒரு பனையின் நிழலைப் பார்த்தால் காரணம் பிடிபடும். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். 20 மீட்டர் உயரத்துக் கொண்டையின் நிழலோ ஓரத்தில் ஒரு சாணுக்குக் குறையாமல் கலங்கியிருக்கும். சூரியன் வானத்தில் ஏறக்குறைய அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் பொருளிலிருந்து நிழல் விழும் இடம்வரை உள்ள தூரத்தில் சுமார் 108-ல் ஒரு பங்கு மங்கலாகிவிடும். இது போக, நிழலுக்குள்ளும் வானத்து வெளிச்சம் வரும். பொருள் தரையை ஒட்டுகிற இடத்தில் மட்டும் அதுவும் அடைபட்டு அங்கே கருமை கூடும்.

ஆக, திரையிலும் இரண்டு லேயர் வேண்டும். ஒட்டு நிழல் ஒன்று, தள்ளி விழும் நிழல் ஒன்று. உயரம் கூடும்போது முதலாவது வெளுக்க வேண்டும். இரண்டாவது கீழே இறங்கிப் பரவ வேண்டும். வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஆரம்பிக்க நம்பகமான அளவுகள்:

கார்டு: கீழ்நோக்கி 1 பிக்சல், ப்ளர் 2, கருப்பு 20%, அதோடு கீழ்நோக்கி 2, ப்ளர் 6, கருப்பு 10%.
டயலாக்: கீழ்நோக்கி 4, ப்ளர் 8, கருப்பு 8%, அதோடு கீழ்நோக்கி 16, ப்ளர் 40, கருப்பு 18%.

இந்த டயலாக் அளவை அப்படியே ஒரு சின்னப் பட்டனுக்கு ஒட்டினால் நிழல் காணாமல் போகும். சிஎஸ்எஸ்ஸில் நிழல் போடும் பாக்ஸ் ஷேடோவில் ப்ளர் 40 என்றால் காசியன் மங்கலின் (மணி வடிவில் கரையும் மங்கல்) திட்ட விலக்கம், அதாவது பரவலின் அளவு, அதில் பாதி: 20. நீளமான நேர் ஓரத்தில் நிழலின் அடர்த்தி கொடுத்ததில் பாதிதான் இருக்கும்; மூலையில் கால் பங்கு. 32 பிக்சல் உயரப் பட்டன் அந்த மங்கலைவிடச் சிறியது, நடுவிலேயே கருமை கரைந்துவிடும். பட்டனுக்குப் பட்டன் அளவுதான் போட வேண்டும்.

செலவு எங்கே வருகிறது? ஒவ்வொரு ஃபைலிலும் கையால் எண்ணை அடித்திருப்பார்கள். நிழல் சரியில்லை என்று கடைசி வாரத்தில் சொல்லும்போது எல்லாத் திரையையும் திறந்து திருத்தி, மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். நாலே நாலு உயரங்களுக்கான நிழலை முதல் நாளே வேரியபிளாக (பெயர் வைத்த மதிப்பாக) எழுதி வைத்துவிட்டால் ஒரு ஃபைலோடு வேலை முடிந்தது. சொன்னால் "பொறவு மாத்திக்கிடலாம்ணே" என்பார்கள். மாற்றுவதில்லை.

கீழ்ப் பட்டைக்கு மேல்நோக்கிய நிழல்

கார்டில் வெளிச்சம் மேலிருந்து வருகிறது; கீழ்ப் பட்டையில் மைனஸ் 4 ஆஃப்செட் போட்டால் கீழிருந்தும் வருகிறது. ஆஃப்செட் இல்லாத ஒட்டு நிழலோ 1 பிக்சல் கோடோ போதும். ஆண்ட்ராய்டின் எலிவேஷனில் (உயரத்தைச் சொன்னால் நிழலைத் தானே போடும் வசதி) விளக்கு திரையின் மேல்பக்க நடுவில் இருப்பதாகக் கணக்கு. அதே கார்டு கீழே போகப்போக நிழல் நீளும். அங்கே எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அளந்து ஐபோனுக்கு எண் எழுதுவது வீண் வேலை.

சாம்பல் நிறத்தில் நிழல்

வெள்ளைப் பின்னணியில் தப்பு தெரியாது. மஞ்சளில் வைத்துப் பாருங்கள். கருப்பும் ஒப்பாசிட்டியும் (பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கும் என்ற அளவு) போதும்.

நிழலையே அனிமேட் செய்வது

பாக்ஸ் ஷேடோ மாறும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அது புதிதாக வரையப்படும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு இருப்பது 16.7 மில்லி செகண்ட். கார்டுகள் நிறைந்த பட்டியலில், விலை குறைந்த போனில், இழுத்தால் தடுக்கும். பெரிய நிழலை ஆஃப்டர் என்ற போலி எலிமெண்டில் (சிஎஸ்எஸ் மூலம் சேர்க்கும் கூடுதல் பெட்டி) முன்கூட்டியே போட்டு, அதன் ஒப்பாசிட்டியை மட்டும் 0-லிருந்து 1-க்குக் கொண்டுபோங்கள். ஐபோனின் ஐஓஎஸ்ஸில் ஷேடோ பாத் (நிழலின் வடிவக் கோடு) கொடுக்காமல் விட்டால், நிழலின் வடிவத்தை லேயரின் உள்ளடக்கத்திலிருந்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்; அதுவும் இதே மாதிரி இழுக்கும்.

நிழல் வெட்டுப்படுவது

தாய் எலிமெண்டில் (கார்டை உள்ளே வைத்திருக்கும் பெட்டியில்) ஓவர்ஃப்ளோ ஹிடன், அதாவது வெளியே வழிவதை மறைக்கும் கட்டளை, இருக்கும். ப்ளர் 40, ஆஃப்செட் 16 என்றால் கீழே 56 பிக்சல் இடம் விட வேண்டும். ஆண்ட்ராய்டில் நிழலே வரவில்லையா? வியூவுக்கு (திரையில் உள்ள அந்தப் பெட்டிக்கு) பின்னணி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

டார்க் மோடில் அதே நிழல்

தெரியாது. #121212 என்ற கருஞ்சாம்பல் பின்னணியில் ஒவ்வொரு நிறத்தின் மதிப்பும் 255-க்கு 18தான். அதில் 20% கருப்பு சேர்த்தால் நாலு படிகூடக் குறையாது. கூகிளின் வடிவமைப்பு விதித் தொகுப்பான மெட்டீரியல் டிசைன் தன் டார்க் தீமில் மேலே இருக்கும் தளத்தை வெளுப்பாக்கியது: 1 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) உயரத்துக்கு வெள்ளை 5%, 24 டிபிக்கு 16%.

உள்ளே உட்கார்ந்து மட்டும் சரிபார்ப்பது

மத்தியான வெயிலில் போனை வெளியே எடுத்துப் பாருங்கள். 8% நிழல் மறைந்துவிடும். பட்டன் எது, பின்னணி எது என்று காட்ட நிழலை மட்டும் நம்பியிருந்தால், அங்கே ஒரு 1 பிக்சல் பார்டர் சேருங்கள்.