கூலன்ட் ஒழுகுகிறதா? ஓஸைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

என் டீசல் பிக்கப்புக்கு 21 வயது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுகிற ரப்பர் ஓஸை இதுவரை நான்கு தடவை மாற்றியிருக்கிறேன். அதில் இரண்டு தடவை தண்டம். ஓஸ் நன்றாகத்தான் இருந்தது, ஒழுகியது வேறு இடம். நான் மெக்கானிக் இல்லை. இந்த ஒரு வண்டியோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். மாற்றுகிற வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை, அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்று. சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். மேலே கசிகிற கூலன்ட் ஓஸின் அடிவயிற்றோடு வழிந்து, எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கே வந்து சொட்டும். வண்டி ஓடும்போது ஃபேன் காற்று அதை எஞ்சின் பக்கமாகப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். அதனால் எல்லாப் பழியும் பாவம், ரேடியேட்டரின் அடியில் இருக்கும் கீழ் ஓஸ் தலையில்தான் விழும். என் முதல் தண்டச் செலவு அப்படி வந்ததுதான்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது எல்லா ஓஸையும் கிளிப்பையும் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். அடியில் ஒரு பெரிய அட்டையை விரியுங்கள். எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, அணைத்துவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் தெரிகிற இடங்களில் எது ஆக உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் குற்றவாளி. ஈரமே தெரியாவிட்டாலும் தடம் இருக்கும்: தண்ணீர் ஆவியாகிப் போன பிறகு கூலன்ட் வெளிறிய பொருக்காகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், சில சமயம் கூலன்டின் நிறத்திலேயே. சூடான பாகத்தின் மேல் விழுந்தால் கீழே ஒரு சொட்டுகூட வராது. பானெட்டைத் திறந்ததும் ஒரு தித்திப்பான வாடை அடிக்கும், கூலன்ட் டேங்கில் அளவு மட்டும் குறைந்துகொண்டே போகும்.

கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அது வேண்டுமென்றே வைத்த துளை. உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது என்று சொல்வதற்காக இருப்பது. அங்கிருந்து ஒழுகினால் பம்பைத்தான் மாற்ற வேண்டும். என் இரண்டாவது தண்டச் செலவு இது.

காலையில் மட்டும் ஒழுகி, ஓட ஆரம்பித்ததும் நின்றுபோகிற ரகம் ஒன்று உண்டு. பல பேரைப் பைத்தியமாக்குகிற ரகம். ரப்பரும் உலோகமும் குளிரில் ஒரே அளவாகச் சுருங்காது. திருகு கிளிப் ஒரே வட்டத்தில் நிற்பதால் இடையில் மயிரிழை இடைவெளி விழும். எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளிப்பைக் கால் சுற்று முறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்று மேலும் மேலும் முறுக்காதீர்கள், பட்டை ரப்பரை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். ஸ்பிரிங் கிளிப்பைப் பழைய காலத்துச் சாமான் என்று சிலர் தூக்கி எறிகிறார்கள். அது சுருக்கத்துக்குத் தகுந்தபடி தானே இறுகிக்கொள்ளும். அதன் ஸ்பிரிங் தளராதவரை நான் மாற்றுவதில்லை.

அடுத்து கை வைத்துப் பார்ப்பது. ஆறிய எஞ்சினில் ஓஸை அமுக்குங்கள். நடுவில் மட்டும் அமுக்கிவிட்டு நல்ல ஓஸ் என்று முடிவு கட்டாதீர்கள். கிளிப்பை ஒட்டிய கடைசி ஐந்து சென்டிமீட்டரில்தான் உள்ளிருந்து முதலில் விரிசல் விடும். வெளியே புதிதுபோல் மினுக்கும், விரலுக்கு நடுவே நெறுநெறுவென்று உடையும். கட்டைபோல் விறைத்திருந்தாலும் கொழகொழத்திருந்தாலும் அந்த ஓஸ் போக வேண்டியதே. கொழகொழப்புக்கு டீசல் வண்டியில் தனிக் காரணம் ஒன்று உண்டு. பெரும்பாலான கூலன்ட் ஓஸ்கள் இபிடிஎம் ரப்பரால் ஆனவை. சூட்டைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. மேலே எங்கோ டீசலோ எஞ்சின் ஆயிலோ சொட்டிக்கொண்டிருந்தால் ஓஸ் ஊறி உப்பிவிடும். அந்தச் சொட்டை நிறுத்தாமல் புது ஓஸ் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரண்டு நிமிடத்தில், சூடு ஏறுவதற்கு முன்பே, மேல் ஓஸ் கல் மாதிரி விறைக்கிறதா? அப்படியானால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் ஏறுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கும். அதைப் பார்க்காமல் எத்தனை ஓஸ் மாற்றினாலும் வெடித்துக்கொண்டேதான் இருக்கும்.

சரி, ஓஸ்தான் என்று உறுதியாகிவிட்டது. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காது. திறந்தீர்களோ, அழுத்தம் போன அந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஓரிரண்டு மணி நேரம் ஆறட்டும். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியானால் பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் ஃபேன் சுற்றும்.

அகலமான பாத்திரத்தை அடியில் வைத்து, ரேடியேட்டரின் கீழ்த் திருகு வழியாக வடியுங்கள். பழைய பிளாஸ்டிக் திருகைப் பலமாகத் திருகினால் கையோடு வந்துவிடும். அடம் பிடித்தால் அதை விட்டுவிட்டுக் கீழ் ஓஸை மெல்லத் தளர்த்தி வடிப்பது நல்லது. எத்திலீன் கிளைகால் கூலன்ட் விஷம், ஆனால் இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. சிந்தியதை உடனே துடையுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடி எடுத்து வையுங்கள், பழைய ஆயிலும் கூலன்டும் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

பழைய ஓஸ் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பாதீர்கள். நான் நெம்பினேன். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் வாய் விரிசல் விட்டது. ஓஸ் மாற்றப்போய் ரேடியேட்டரே மாற்ற வேண்டியதாயிற்று. எப்படியும் எறியப்போகிற ஓஸ்தானே? கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள், குழாயில் கத்தி ஆழமாகப் பதியாமல். ஹீட்டர் ஓஸுக்கு இது இன்னும் முக்கியம். ஹீட்டரின் குழாய்கள் மெல்லியவை, முறுக்கினால் உள்ளே உடையும். பிறகு டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும்.

குழாய் வாயை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். ஒட்டிய ரப்பர், பொருக்கு, துரு எல்லாம் போகட்டும். உலோகமானால் நைசான உப்புத்தாள் போதும். ஆழமாக அரித்துக் குழி விழுந்திருந்தால் புது ஓஸும் அங்கே ஒழுகும். புது ஓஸைப் பழையதோடு சேர்த்து வைத்து வளைவு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கீழ் ஓஸுக்குள் பழையதில் ஸ்பிரிங் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். பம்ப் உறிஞ்சும்போது ஓஸ் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது அதுதான். வழுக்கிக்கொண்டு போகக் கொஞ்சம் கூலன்டைத் தடவினால் போதும். கிரீஸ் வேண்டாம், எண்ணெய்க்குச் சொன்ன காரணமே இதற்கும். பசையும் வேண்டாம். கிளிப்பை முன்பே ஓஸில் கோத்துக்கொள்ளுங்கள் (நான் மூன்று தடவை மறந்திருக்கிறேன்). குழாயின் புடைப்புக்குப் பின்னால் கிளிப் உட்கார வேண்டும், புடைப்பின் மேல் அல்ல.

கூலன்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, வண்டிப் புத்தகம் சொல்கிற வகையைப் பாருங்கள். செறிவான கூலன்ட் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து, குமிழி நின்று கூலன்ட் வந்ததும் மூடுங்கள். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் காற்று சுலபமாக மேலேறும். தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து, ரேடியேட்டருக்குப் போகும் ஓஸ் சுடும்வரை ஓடவிடுங்கள். எஞ்சின் சூடாகியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். முழுதாக ஆறிய பிறகு குறைந்ததை நிரப்பி, திருகு கிளிப்பை இன்னொரு தடவை சரிபாருங்கள். மூன்று காலை தொடர்ந்து அளவைப் பார்த்தால் போதும்.

வழியில் வெடித்துவிட்டால்? ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். விரிசல் ஓஸின் நுனியில் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீதியை இழுத்து மாட்டலாம். நடுவில் என்றால் தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப்பை ஓஸைத் துடைத்துவிட்டு இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். ஒயரிங் டேப் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் நிற்காது. மெதுவாக, டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தபடி ஓட்டுங்கள்.

கழற்றிய ஓஸை உடனே எறிந்துவிடாமல் முழு நீளத்துக்கும் பிளந்து உள்பக்கத்தைப் பாருங்கள். எனக்குப் போன தடவை ஒரு நுனியில்தான் ஒழுகல், ஆனால் மறு நுனியிலும் நீளநீளமாகக் கோடு கிழித்தாற்போல் விரிசல். கீழ் ஓஸும் இதே வயதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையும் கழற்றினேன்.