சக்கரம் கழன்ற ஃபோர் வீல் வண்டி: ஆக்சிலில் பார்க்கத் தவறுபவை

கொழுக்குமலை ஏறும் ஜீப் பாதை போன்ற இடத்தில் சக்கரம் கழன்றால், மற்ற மூன்று சக்கரங்களிலிருந்தும் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி உருட்டிக்கொண்டு இறங்குவார்கள். மெதுவாக வந்தால் அதில் தப்பில்லை. மறுநாள் புது நட்டு போட்டதோடு விஷயத்தை மறப்பதுதான் தப்பு.

எப்படிக் கழன்றது என்று முதலில் பாருங்கள். நட்டு தளர்ந்ததா, ஸ்டட் (நட்டு ஏறும் மரையுள்ள தண்டு) முறிந்ததா, ஆக்சில் ஷாஃப்டே (சக்கரத்தைச் சுழற்றும் உள் தண்டு) சக்கரத்தோடு வெளியே வந்ததா? கடைசி வகை என்றால் கதையே வேறு. பல வண்டிகளின் பின் ஆக்சிலில் வண்டியின் எடையையும் ஷாஃப்ட்தான் தாங்குகிறது. பேரிங் போனால் நழுவிவிடும். அப்போது பேரிங், ஆயில் சீல், எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூ எல்லாமே மாற வேண்டும்.

வெறும் நட்டு தளர்ந்ததாக இருந்தாலும் அந்தப் பக்கத்து ஸ்டட்டுகள் அத்தனையையும் மாற்றுங்கள். முறியாமல் நிற்பவையும் இழுபட்டிருக்கலாம். ரிம் துளை கோணியிருந்தால் அந்த ரிம் வேண்டாம்.

சக்கரம் போனதும் வண்டி டிரம் மேலோ டிஸ்க் மேலோ விழுகிறது. அடி நேராக ஷாஃப்ட் ஃபிளாஞ்சுக்கு, அதாவது சக்கரம் மாட்டும் ஷாஃப்ட் முனைத் தட்டுக்குப் போகும். சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் ரிம்மிலா ஃபிளாஞ்சிலா என்று தெரியாது. டிரம்மையும் கழற்றிவிட்டு டயல் கேஜ் (சிறு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் அளவி) வையுங்கள். அது இல்லையா, பிரேக் பிளேட்டில் (டிரம்முக்குப் பின்னால் சுற்றாமல் நிற்கும் தகடு) ஒரு கம்பியைக் கட்டி, நுனியை ஃபிளாஞ்ச் ஓரத்தில் நிறுத்திக் கையால் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வளைந்திருக்கிறது.

ஹவுசிங் (ஷாஃப்டை மூடியிருக்கும் ஆக்சில் கூடு) வளைவை யாரும் பார்ப்பதேயில்லை. பின் ஆக்சில் ஒரே தண்டாக இருந்தால், இரண்டு டயர்களுக்கும் இடையிலான அகலத்தை முன்புறமும் பின்புறமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் அளங்கள். சாக்பீஸால் குறி வைத்து, அரைச் சுற்று உருட்டி அதே குறியில் அளந்தால் ரிம் கோணல் கணக்கைக் கெடுக்காது. இரண்டு அளவும் சேரவில்லை என்றால் ஹவுசிங்கைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

பட்டறையில் "சூடு காட்டி நிமிர்த்தித் தர்றேன் சார்" என்பார்கள். ஹவுசிங்கைத் தெரிந்தவர் பிரஸ்ஸில் வைத்து நேராக்கலாம். ஷாஃப்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்: அது பதமேற்றிய எஃகு, நெருப்பு பட்டால் பதம் இறங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, ஜாக்கியில் நிற்கும்போது எஞ்சினைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிடுவது. நாலு சக்கரத்துக்கும் இழுப்பு தரும் ஃபோர் வீல் கியர் விழுந்திருந்தால் தரையிலுள்ள சக்கரம் இழுத்து வண்டி பாய்ந்துவிடும். பழைய லேண்ட் ரோவரில் கை பிரேக் டிரான்ஸ்மிஷனில் இருப்பதால், ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியதுமே அது வண்டியைப் பிடிக்காது. கட்டை வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் கையால் சுற்றுங்கள்.

முன் சக்கரம் என்றால் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம், ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் எல்லாம் பாருங்கள்.

கிரவுன் ஆயிலையும் (ஆக்சில் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய்) வடித்துவிடுங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருப்பது சகஜம். சில்லு சில்லாக இரும்பு வந்தால் டிஃபரென்ஷியலைத் திறக்க வேண்டும். மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ.க்குள் டார்க் ரெஞ்சால் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டுகளை மறுபடி முறுக்குங்கள், ஸ்டட்டில் கிரீஸ் தடவாமல்.