ஹைட்ரஜன் சல்பைடு: மணலிப் பாடம் புவிவெப்பத்துக்கு அப்படியே பொருந்தாது

மணலி, திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். அங்கே ரிஃபைனரி வேலையில் பழகியவர்களிடம் நிலத்தடி நீராவியில் மின்சாரம் எடுக்கும் புவிவெப்ப மின்நிலையத்தில் இந்த வாயுவை எப்படி நீக்குவது என்று கேட்டால், "அதே கேஸ்தானே, அதே யூனிட்டைப் போடுங்க" என்பார்கள். முதல் தவறு இதுதான்.

ரிஃபைனரியில் அமீன் கரைசல் (இந்த வாயுவை உறிஞ்சும் காரக் கரைசல்) பிரித்துத் தரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு செறிவாக இருக்கும். கிளவுஸ் உலையில் அதில் மூன்றில் ஒரு பங்கை எரித்து, மீதியோடு வினைபுரிய வைத்துக் கந்தகம் எடுக்கலாம். நிலத்தடி நீராவியோடு வரும் வாயுவிலோ பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. பல இடங்களில் உலைத்தீயே நிலைக்காது. இரும்புச் சேர்மக் கரைசலில் கழுவிக் கந்தகமாக்கும் முறை அங்கே பெரும்பாலும் பொருந்தும். காஸ்டிக் சோடா ஊற்றி மலிவாக முடிக்கலாம் என்றால், கார்பன் டை ஆக்சைடும் அதைத் தின்றுவிடும். காஸ்டிக் செலவு எகிறும். வெறுமனே எரித்தால் நாற்றம் போய் சல்பர் டை ஆக்சைடு வரும், அதையும் கழுவியாக வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் கண்டென்சர், அதாவது நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கலன். வாயுக்குழாயில் ஸ்க்ரப்பர் (வாயுவைக் கழுவும் கருவி) வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடில் ஒரு பகுதி, நீராவி குளிர்ந்து உண்டாகும் தண்ணீரில் கரைந்து, அந்தத் தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கும் கூலிங் டவருக்குப் போகிறது. அங்கே காற்று பட்டதும் வெளியேறிவிடுகிறது. நீராவியில் அம்மோனியா இருந்தால் தண்ணீர் காரமாகி இன்னும் அதிகம் கரையும். குளிர்நீரும் நீராவியும் நேரடியாகக் கலக்கும் கண்டென்சரில் இந்தச் சிக்கல் பெரிது. கலிபோர்னியாவின் கீசர்ஸ் புவிவெப்ப நிலையங்களில் இதற்காகவே தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பு வினையூக்கியும் சேர்த்துப் பார்த்தார்கள். ஆகவே வடிவமைக்கும் முன்பே வாயு, தண்ணீர் இரண்டிலும் மாதிரி எடுங்கள்.

ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டி புவிவெப்ப நிலையத்தில் இந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்து பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள், அது பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமாகிவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கேற்ற பாறையும் நிறைய தண்ணீரும் வேண்டுமே!

அப்புறம் மூக்கை நம்புவது. காற்றில் சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் மோப்பமே மரத்துப்போகும். "நாற்றம் குறைஞ்சிடுச்சு" என்று உள்ளே இறங்குபவர் மயங்கி விழலாம். நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த சராசரி 10 பிபிஎம்தான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளங்களில் தேங்கும். டிடெக்டரைத் தலைக்கு மேலே மாட்டாமல் தரையை ஒட்டி வையுங்கள்.